முராதியே தோட்டத்து இளவரசர்கள்

துருக்கிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இஸ்தான்புல்லில் இறங்கி, தோப்காப்பி அரண்மனையையும் நீல மசூதியையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். உஸ்மானியப் பேரரசர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். அந்த அரியணையில் உட்காரக் கொடுத்துவைக்காத அண்ணன் தம்பிகள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டுமானால், மர்மரா கடலைத் தாண்டித் தெற்கே புர்சாவுக்குப் போக வேண்டும். இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

இஸ்தான்புல்லில் படகு ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முதான்யா துறைமுகம். கரையை அடுத்து ஒலிவ மரங்கள். அங்கிருந்து பேருந்தில் சற்று நேரம் போனால் உலுதாக் மலை எதிரே எழுந்து நிற்கும். 2,543 மீட்டர் உயரம். அடிவாரத்தில் மரங்கள் துளிர்த்த பிறகும் உச்சியில் பனி கிடக்கும். அந்த மலையின் மடியில் கிழக்கு மேற்காக நீண்டு படுத்திருக்கும் ஊர்தான் புர்சா. இப்போது அது கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த பெருநகரம். ஆனாலும் துருக்கியர்கள் இன்னும் அதைப் பச்சைப் புர்சா என்றே அழைக்கிறார்கள்.

1326-இல் உஸ்மானிய அரசர் ஓர்ஹான் இந்த ஊரைப் பைசாந்தியர்களிடமிருந்து கைப்பற்றினார். அதுவரை குதிரையும் கூடாரமுமாக இருந்த ஒரு சிற்றரசுக்கு முதல் பெரிய தலைநகரம் கிடைத்தது. கோட்டை மேட்டில், தோப்ஹானே என்ற இடத்தில், ஓர்ஹானும் அவருடைய தந்தை உஸ்மானும் அடக்கமாகியிருக்கிறார்கள். 1855-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் பழைய கட்டடங்கள் நொறுங்கிவிட்டன. இப்போது நாம் பார்ப்பவை பிறகு எழுப்பியவை. ஓர்ஹானின் அடக்கஸ்தலத்துக்குள் நுழைந்ததும் தரையைக் கவனியுங்கள். அங்கே முன்பிருந்த கிறிஸ்தவத் தேவாலயத்தின் வண்ணக்கல் தளம் அங்கங்கே மிச்சமிருக்கிறது. அதே கூரையின் கீழ் கோர்குத் என்ற இளவரசரும் இருக்கிறார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பிறகு வருவோம்.

ஓர்ஹானுக்கு அலாவுத்தீன் என்றொரு சகோதரர். அவர் பட்டத்துக்குப் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று பழைய வரலாற்று நூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. அடுத்து வந்த தலைமுறைகளுக்கு அந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை. 1389-இல் கொசோவோ போர்க்களத்தில் தந்தை முதலாம் முராத் இறந்த செய்தி வந்ததுமே மகன் பயஸீத் செய்த முதல் காரியம், தன் சகோதரன் யாகூபைக் கொன்றது. அந்தப் பயஸீத் 1402-இல் அங்காராவுக்கு அருகே தைமூரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். அவருடைய மகன்கள் தங்களுக்குள் பதினோரு ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். சுலைமான், ஈசா, மூசா, மெஹ்மத். நால்வரில் மிஞ்சியவர் மெஹ்மத். புர்சாவின் கிழக்குப் பக்கம், பச்சையும் நீலமுமாக ஓடு பதித்து நிற்கும் பசுமைக் கல்லறை அவருடையதுதான். புர்சா என்றதும் எல்லா அஞ்சலட்டையிலும் வரும் கட்டடம் அது.

இந்தச் சண்டைகளுக்கு வேர் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். மூத்த மகனுக்கே பட்டம் என்ற வழக்கம் உஸ்மானியரிடம் கிடையாது. மகன்கள் அத்தனை பேருக்கும் உரிமை ஒன்றுதான். யாருக்கு அரசு என்பது இறைவன் கையில் இருக்கிறது என்று நம்பினார்கள். அவன் யாரைத் தேர்ந்தெடுத்தான் என்பது சண்டை முடிந்த பிறகுதான் தெரியும். மகன் வளர்ந்ததும் அவனை அமாஸ்யா, மனீசா, கொன்யா என்று ஏதாவதொரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்புவார்கள். கூடவே அவனுடைய தாயும், லாலா என்று அழைக்கப்படும் மூத்த ஆலோசகரும் போவார்கள். அங்கே அவன் வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் படை நடத்தவும் பழகுவான். நல்ல பயிற்சிதான். ஆனால் ஒவ்வொரு மகனைச் சுற்றியும் ஒரு குட்டி அரசவை வளர்ந்துவிடும். அவன் வென்றால் அவர்களுக்குப் பதவி. தோற்றால் அவனோடு அவர்களுக்கும் அழிவு. தந்தை கண்ணை மூடியதும் யார் முதலில் தலைநகருக்குள் நுழைகிறானோ, கருவூலத்தையும் ஜானிசரி எனப்படும் சுல்தானின் நிரந்தரப் படையையும் எவன் கையில் எடுக்கிறானோ, அவனே சுல்தான்.

கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார். அரியணை ஏறும் மகன் உலகத்தின் ஒழுங்குக்காகத் தன் சகோதரர்களைக் கொல்வது தகும் என்று அவர் பெயரில் உள்ள சட்டத் தொகுப்பு சொல்கிறது. 1451-இல் பட்டத்துக்கு வந்தபோது அவரே தன் கைக்குழந்தைத் தம்பியைக் கொல்லச் செய்தவர்தான். பதினோரு ஆண்டு உள்நாட்டுப் போரை அந்தக் குடும்பம் மறக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. நாட்டைப் பங்கு போட்டுக்கொண்ட துருக்கிய அரசுகள் ஒவ்வொன்றாகச் சிதறியதும் அவர்கள் கண்முன் நடந்ததுதான். ஆனாலும் தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் கொன்றுதான் ஒரு நாட்டைக் காப்பாற்ற முடியும் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

கோட்டை மேட்டிலிருந்து இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் முராதியே. இரண்டாம் மெஹ்மதின் தந்தை இரண்டாம் முராத், 1425, 26-ஆம் ஆண்டுகளில் இங்கே ஒரு மசூதியும் மதரஸாவும் ஏழைகளுக்குச் சோறு போடும் சமையற்கூடமும் கட்டினார். மசூதிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். சைப்ரஸ் மரங்கள், வயதான பெரிய மரங்கள், ரோஜாப் பாத்திகள். அவற்றுக்கு நடுவே சின்னதும் பெரிதுமாக 12 அடக்கஸ்தலங்கள்.

முதலில் முராத் இருக்கும் இடத்துக்குப் போகலாம். பேரரசரின் கபர் என்று எதிர்பார்த்துப் போனால் திகைப்பீர்கள். ஓடு இல்லை, தங்க எழுத்து இல்லை. வெறும் சுவர். நடுவில் பளிங்கு விளிம்பு கட்டிய மண் கபர். அதற்கு நேர் மேலே குவிமாடத்தின் உச்சி திறந்திருக்கிறது. மழை பெய்தால் அவர் மேல் விழ வேண்டும் என்பது அவருடைய உயில். தன் பக்கத்தில் வேறு யாரையும் அடக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். 1443-இல் அலாவுத்தீன் அலி என்ற மகன் இறந்துபோனான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பட்டத்தைத் துறந்து, பன்னிரண்டு வயது மெஹ்மதிடம் அரசைக் கொடுத்து ஒதுங்கிப் பார்த்தவர் முராத். காலம் விடவில்லை, திரும்பி வர வேண்டியதாயிற்று. 1451-இல் எடிர்னேயில் இறந்தபோது, அவர் விரும்பியபடி அந்த மகன் கிடக்கும் புர்சாவுக்கே கொண்டுவந்தார்கள். இடையே ஒரு சுவர், அந்தப் பக்கம் மகன்.

புர்சாவில் அடக்கமான கடைசி சுல்தான் இவர்தான். இரண்டு ஆண்டு கழித்து கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. அதன்பின் வந்த சுல்தான்களுக்கு அங்கேயே பெரிய பெரிய அடக்கஸ்தலங்கள் எழுந்தன. புர்சாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? பட்டத்துக்கு வராமலே இறந்த இளவரசர்கள், அவர்களுடைய மனைவிமார், தாய்மார். வென்றவர்களுக்கு இஸ்தான்புல், தோற்றவர்களுக்கு முராதியே.

இந்தத் தோட்டத்தில் மிக அழகான கட்டடம், வெளியே பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆறு பக்கச் சுவர், மேலே குவிமாடம். உள்ளே காலடி வைத்ததும் கண் கூசும். ஆள் உயரத்துக்கும் மேலே வரை கடல்நீலத்திலும் கருநீலத்திலும் அறுகோண ஓடுகள். அவற்றின் மேல் பொன் வேலைப்பாட்டின் தடயம். ஓடுகள் முடியும் இடத்திலிருந்து குவிமாடம் வரை சிவப்பும் நீலமும் பொன்னுமாகக் கொடியும் பூவும் எழுத்தும் தீட்டியிருக்கிறார்கள். ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடவில்லை. கீழே நான்கு கபர்கள். இரண்டாம் மெஹ்மதின் மகன் முஸ்தபாவுக்காக 1474-க்குப் பின் கட்டியது இது. ஆனால் இன்று எல்லோரும் இதை ஜெம் சுல்தான் அடக்கஸ்தலம் என்றுதான் அழைக்கிறார்கள்.

ஜெம் அந்த முஸ்தபாவின் தம்பி. 1459-இல் பிறந்தவர். கவிஞர். துருக்கியிலும் பாரசீகத்திலும் தனித்தனி கவிதைத் தொகுப்பே உண்டு. முஸ்தபா இறந்ததும் கொன்யாவின் ஆளுநரானார். அண்ணன் பயஸீத் அமாஸ்யாவில். 1481 மே 3-ஆம் தேதி, படையோடு புறப்பட்ட தந்தை மெஹ்மத் இஸ்தான்புல்லைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே இறந்தார். தலைமை வசீர் சாவை மறைத்து, இரு மகன்களுக்கும் ஆள் அனுப்பினார். அவர் மனம் ஜெம் பக்கம். ஆனால் ஜெம்மிடம் போன தூதனை வழியிலேயே மடக்கிவிட்டார்கள். மடக்கியவர் பயஸீதின் மருமகன். தலைநகரில் ஜானிசரிகள் கலகம் செய்து வசீரைக் கொன்றார்கள். பயஸீத் வந்து சேரும்வரை இடத்தைப் பிடித்து வைக்க, அவருடைய மகனான சிறுவன் கோர்குத்தை அரியணையில் உட்கார வைத்தார்கள். ஓர்ஹானின் பக்கத்தில் பார்த்தோமே, அதே கோர்குத். தகப்பன் வந்ததும் எழுந்து இடம் கொடுத்தான்.

செய்தி பிந்திக் கிடைத்த ஜெம் படையோடு புர்சாவுக்கு வந்தார். பயஸீத் அனுப்பிய படைக்கு இந்த ஊர் கதவைத் திறக்கவில்லை. ஜெம்முக்குத் திறந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவர் பெயரால் குத்பா ஓதினார்கள். அவர் பெயர் பொறித்து வெள்ளிக் காசு அடித்தார்கள். ஹிஜ்ரி 886 என்ற ஆண்டோடு அந்தக் காசுகள் சில இன்றும் கிடைக்கின்றன. புர்சாவின் சுல்தானாக அவர் இருந்தது 18 நாள்.

அந்த நாட்களில் ஜெம் ஒரு சமாதானத் தூது அனுப்பினார். தூது போனவர் செல்ஜுக் காத்தூன் என்ற மூதாட்டி. இரண்டாம் முராதின் சகோதரி. அண்ணன் தம்பி இருவருக்கும் பாட்டி முறை. ஐரோப்பியப் பகுதியை நீ வைத்துக்கொள், அனதோலியாவை எனக்குக் கொடு என்பதுதான் செய்தி. தள்ளாத வயதில் அந்த அம்மையார் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே நின்று பேசியதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. அரசர்களுக்குள் உறவு என்பது கிடையாது என்ற கருத்தில் பதில் வந்தது. அந்த அம்மையாரின் கபரும் இதே ஊரில், பசுமைக் கல்லறைக்குள், தந்தை மெஹ்மதின் அருகில் இருக்கிறது.

ஜூன் மாதம், புர்சாவுக்குக் கிழக்கே யெனிஷெஹிர் சமவெளியில் போர். ஜெம்மின் சொந்த லாலாவே எதிர்ப்பக்கம் சாய்ந்தார் என்கிறார்கள். தோற்ற ஜெம் கொன்யா வழியாகக் கெய்ரோவுக்குப் போய், மம்லூக் சுல்தான் கைத்பேயிடம் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து மக்காவுக்குப் போய் ஹஜ் செய்தார். அண்ணனும் தம்பியும் அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் கவிதையிலேயே வாதாடியிருக்கிறார்கள். மறு ஆண்டு மீண்டும் படை திரட்டி வந்து அதிலும் தோற்றார். 1482 ஜூலையில் ரோட்ஸ் தீவிலிருந்த கிறிஸ்தவ வீரத்துறவிகளிடம் போனார். ஐரோப்பாவுக்குக் கடந்து, அந்தப் பக்கமிருந்து மீண்டும் படையெடுக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்தக் கப்பலில் கால் வைத்த பிறகு அவர் சொந்த மண்ணை உயிரோடு பார்க்கவே இல்லை.

விருந்தாளியாகப் போனவர் கைதியானார். தம்பியை வெளியே விடாமல் வைத்திருப்பதற்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ 40,000 பொன் காசுகளைப் பயஸீத் கொடுத்துவந்தார். பிரான்சுக்குக் கொண்டுபோய், பூர்கநோஃப் என்ற சிற்றூரில் இவருக்கென்றே ஒரு வட்டக் கோபுரம் கட்டிக் காவலில் வைத்தார்கள். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1489-இல் ரோம் நகருக்கு, போப்பாண்டவரின் காவலுக்கு மாற்றினார்கள். தம்பி உயிரோடு அவர்கள் கையில் இருந்தவரை பயஸீத் ஐரோப்பா மேல் பெரிய படையெடுப்பு எதையும் எளிதில் தொடங்க முடியவில்லை. ஜெம்மை அவிழ்த்துவிட்டால் நாடே இரண்டாகும் என்ற அச்சம்.

புர்சா கடைத்தெருவில் கோஸா ஹான் என்ற பட்டுச் சந்தை இருக்கிறது. இரண்டு அடுக்காகக் கடைகள், நடுவில் முற்றம், முற்றத்தின் மத்தியில் தூண்கள்மேல் நிற்கும் குட்டி மசூதி, அதன் கீழே நீர்த்தொட்டி. மர நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். மேலே எட்டிப் பார்த்தால் சால்வைகள் வண்ண வண்ணமாகத் தொங்கும். 1491-இல் இதைக் கட்டியவர் அதே பயஸீத். பாரசீகத்திலிருந்து ஒட்டக வரிசைகளில் வந்த பட்டு இந்த ஊரில்தான் கைமாறியது. இத்தாலிய வணிகர்கள் இங்கேயே காத்துக்கிடந்து வாங்கினார்கள். இந்த முற்றத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்த நாட்களில் தம்பி வத்திக்கானில் ஒரு மாளிகை அறைக்குள் அடைபட்டிருந்தார் என்பது கோஸா ஹானில் உட்கார்ந்திருக்கும்போது மனதைவிட்டு அகல மறுத்தது.

1495-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் ரோமுக்குள் நுழைந்து ஜெம்மைத் தன்னோடு அழைத்துப்போனார். பிப்ரவரி 25-ஆம் தேதி நேப்பிள்ஸில் ஜெம் இறந்தார். வயது 35. காய்ச்சல் என்றார்கள், நஞ்சு என்றார்கள். பயஸீத் நாட்டில் துக்கம் அறிவித்து, தம்பியின் உடலைத் தரும்படி கேட்டார். உடலுக்கும் நான்கு ஆண்டுகள் பேரம் நடந்தது. 1499-இல்தான் அது புர்சாவுக்கு வந்து, முஸ்தபாவின் அருகில் மண்ணுக்குள் போனது.

அந்த அறையில் நான்கு கபர்கள் என்றேன். மற்ற இரண்டும் யாருடையவை? அப்துல்லா, ஆலம்ஷா. இருவரும் பயஸீதின் பிள்ளைகள். 1483-இல் அப்துல்லா இறந்தபோது அவனை இங்கே வைத்தார்கள். பிறகு தம்பியின் உடல் வந்தபோது அண்ணன் அதைத் தன் மகன் பக்கத்திலேயே வைத்தார். சில ஆண்டு கழித்து ஆலம்ஷாவும் அங்கேயே வந்தான். ஜெம்மின் சொந்த மகன் ஓகுஸ், சிறு குழந்தை, பயஸீதின் உத்தரவால் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான். தம்பி மகனைக் கொன்றவரும், தம்பியைத் தன் பிள்ளைகளோடு கிடத்தியவரும் ஒரே மனிதர். அதைக் குற்ற உணர்ச்சி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடிருக்கும்வரை அவன் போட்டியாளன், மூச்சு நின்றதும் மீண்டும் தம்பி. இந்த இரண்டையும் அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

பயஸீதுக்கும் முதுமையில் அதே கதை திரும்பியது. 1512-இல் மகன் சலீம், ஜானிசரிகளின் துணையோடு தகப்பனை இறக்கிவிட்டுப் பட்டம் ஏறினார். கோர்குத் படிப்பாளி, இசை தெரிந்தவர். ஆண் வாரிசு இல்லாதவர். அரச உரிமையே வேண்டாம், கல்வியோடு இருந்துகொள்கிறேன் என்று முன்பே தந்தைக்கு ஒரு நூலே எழுதி விண்ணப்பித்தவர். சலீம் அவரையும் விடவில்லை. 1513-இல் கழுத்து நெரிக்கப்பட்டது. அரச இரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பதால் வில் நாணால் நெரிப்பதுதான் வழக்கம். மற்றொரு சகோதரர் அகமது படை திரட்டி வந்து மோதினார். மோதிய இடம் யெனிஷெஹிர். ஜெம் தோற்ற அதே சமவெளி. அங்கே தோற்றுக் கொல்லப்பட்ட அகமதுவின் அடக்கஸ்தலம் முராதியேயில், சலீமின் கட்டளைப்படியே எழுந்தது.

அகமதுவின் பக்கத்தில் அவருடைய தாய் புல்புல் காத்தூன் இருக்கிறார். இந்தத் தோட்டத்தில் நான் அதிக நேரம் நின்றது தாய்மாரின் கபர்களுக்கு அருகில்தான். ஒரு பெண் சுல்தானுக்கு மகனைப் பெற்றுவிட்டால், அதன்பின் பெரும்பாலும் வேறு பிள்ளை பெறுவதில்லை. அந்த மகனோடு மாகாணத்துக்குப் போய், அவனைக் காப்பதே வாழ்க்கை. நஞ்சிலிருந்து காக்க வேண்டும், கெட்ட ஆலோசகரிடமிருந்து காக்க வேண்டும், தலைநகரில் நடப்பதை உளவறிந்து சொல்ல வேண்டும். மகன் வென்றால் அவள் பேரரசின் தாய். தோற்றால் அவனுடைய கபரைக் காத்துக்கொண்டு புர்சாவில் காலம் தள்ள வேண்டியதுதான். முஸ்தபாவின் தாய் குல்ஷா இங்கே, அப்துல்லாவின் தாய் ஷிரீன் இங்கே. ஜெம்மின் தாய் சிச்செக் காத்தூனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மகனை மீட்கக் கெய்ரோவிலிருந்து ஓயாமல் முயன்று, அங்கேயே இறந்தார்.

இன்னொரு முஸ்தபாவும் இந்தத் தோட்டத்தில் உண்டு. சலீமுக்குப் பின் வந்த சுல்தான் சுலைமானின் மகன்களில் அப்போது உயிரோடிருந்த மூத்தவர். படைவீரர்கள் உயிரையே வைத்திருந்த இளவரசர். 1553-இல் கொன்யாவுக்கு அருகே எரேலியில் பாளையமிறங்கியிருந்த தந்தை அழைத்தார் என்று கூடாரத்துக்குள் போனார். உள்ளே காத்திருந்தவர்கள் கழுத்தை நெரித்தார்கள். தாய் மஹிதேவ்ரான் புர்சாவுக்கு வந்து, வருமானமின்றிப் பல ஆண்டு துன்பப்பட்டார். பிறகு பட்டத்துக்கு வந்த இரண்டாம் சலீம், மாற்றாந்தாய் மகன்தான், அவருக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார், முஸ்தபாவுக்கும் இந்த அடக்கஸ்தலத்தைக் கட்டிக்கொடுத்தார். உள்ளே இஸ்னிக் ஓடுகளில் துலிப்பும் கார்னேஷனும் செந்நிறம் மங்காமல் இருக்கின்றன. 1581-இல் மஹிதேவ்ரான் இறந்து மகன் அருகே வந்து சேர்ந்தார். மகன் போய் 28 ஆண்டு.

1595-இல் மூன்றாம் மெஹ்மத் பட்டம் ஏறியபோது ஒரே நாளில் 19 சகோதரர்களின் பிரேதங்கள் அரண்மனையை விட்டு வெளியே போயின. இஸ்தான்புல் மக்களே பொறுக்க முடியாமல் அழுதார்கள். 1603-இல் வந்த முதலாம் அகமது தம்பியைக் கொல்லாமல் விட்டார். 1617-இல் அந்தத் தம்பியே சுல்தானானார். அதிலிருந்து குடும்பத்தில் மூத்தவருக்குப் பட்டம் என்ற வழக்கம் மெல்ல வேரூன்றியது. அதற்கு விலையாக இளவரசர்கள் அரண்மனைக்குள்ளேயே பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தார்கள்.

புர்சா போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா வண்டிகள் பெரிய மசூதி, பசுமைக் கல்லறை, கோஸா ஹான் என்று காட்டிவிட்டு முராதியேக்குக் கால் மணி நேரம்தான் தருகின்றன. அது போதாது. அரை நாள் ஒதுக்கித் தனியாகப் போங்கள். காலையில் முராத், ஜெம், அகமது, முஸ்தபா என்று பாருங்கள். பக்கத்து மதரஸா இப்போது கையெழுத்துப் பிரதிகளின் அருங்காட்சியகம். பழைய குர்ஆன் பிரதிகளை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். அதன்பின் மறுபடியும் தோட்டத்துக்குள் வந்து, வழிகாட்டிகள் நிற்காமல் தாண்டிப்போகும் சின்னக் கட்டடங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் உள்ள ஒன்று, கான்ஸ்டான்டிநோபிளை வென்ற மெஹ்மதுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியினுடையது என்கிறார்கள். அவர்கள் எல்லோருக்காகவும் ஒரு துஆ ஓதிவிட்டு வாருங்கள்.